அல்-லதீஃப்: நுட்பமும் அன்பும் ஒரே பெயரில்

குர்ஆனைத் தமிழில் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஓர் இடத்தில் குழப்பம் வரும். அல்லாஹ்வின் அழகிய பெயர்களில் ஒன்றான 'அல்-லதீஃப்' ஒரு வசனத்தில் 'நுட்பமானவன்' என்று வரும். வேறொரு வசனத்தில் அதே சொல்லுக்கு 'அன்புள்ளவன்' என்று எழுதியிருப்பார்கள். நுட்பம் என்றதும் நமக்குக் கூர்மையான அறிவும் பொற்கொல்லரின் கைவேலையும் நினைவுக்கு வரும். அன்பு என்பது மனசு சம்பந்தப்பட்டது. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

மொழிபெயர்ப்பில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டு பொருளும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. அவை ஏன் சேர்ந்து இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால் இந்தப் பெயர் பிடிபட்டுவிடும்.

அடிப்படையான செய்தி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "அழகிய பெயர்கள் அல்லாஹ்வுக்கே உரியவை, அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள்" என்கிறது குர்ஆன் (7:180). அல்லாஹ்வுக்குத் தொண்ணூற்றொன்பது பெயர்கள் உண்டு, அவற்றை உள்வாங்கிக்கொண்டவர் சொர்க்கம் செல்வார் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பெயர்ப் பட்டியல் திர்மிதி தொகுப்பில் வரும் அறிவிப்பை ஒட்டியது. அதில் முப்பதாவது பெயர் அல்-லதீஃப்.

இனி சொல்லுக்கு வருவோம். லாம், தா, ஃபா என்ற மூன்று எழுத்துகள்தான் இதன் வேர். நடுவில் வரும் 'த' நம்முடைய 'த' போல மெல்லியது அல்ல. நாக்கை மேலே அழுத்திச் சொல்லும் கனத்த ஒலி. நம் ஊரில் 'லத்தீப்' என்றுதான் வாயில் வரும். அப்துல் லத்தீப் என்ற பெயரில் யாராவது ஒருவர் இல்லாத ஜமாஅத் குறைவு. 'லதீஃபின் அடிமை' என்று அதற்குப் பொருள். வேலூரில் லத்தீஃபிய்யா என்ற பெயரில் ஒரு பழைய அரபிக் கல்லூரியே இருக்கிறது. அர்-ரஹ்மான் என்ற பெயரை இறைவனுக்கு மட்டுமே சொல்ல வேண்டும். லதீஃப் என்ற சொல் அப்படி இல்லை. மெல்லிய காற்றையும், மென்மையாகப் பழகும் மனிதரையும் அரபியில் லதீஃப் என்பார்கள். உருதுவில் நகைச்சுவைத் துணுக்குக்கு 'லதீஃபா' என்று பெயர். அதையும் நுட்பமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஒரு சொல்லின் எதிர்ச்சொல்லைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளியும். லதீஃபுக்கு எதிர்ச்சொற்கள் இரண்டு. ஒன்று 'கஸீஃப்': அடர்த்தியானது, தடித்தது. இன்னொன்று 'உன்ஃப்' என்ற சொல் குறிக்கும் கடுமை, முரட்டுத்தனம். கண்ணுக்கோ கைக்கோ அகப்படாத நுண்மை ஒரு பக்கம், முரட்டுத்தனம் துளியும் இல்லாத மென்மை இன்னொரு பக்கம். ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது.

இதிலிருந்து வரும் பெயர்ச்சொல் 'லுத்ஃப்'. அரபுகள் அதை அன்றாடப் பேச்சில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் வாய்ச்சொல்லே சான்று. ஒரு பயணத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்பியதும் அவர்கள் நோயில் படுத்துவிடுகிறார்கள். வெளியே அவர்களைப் பற்றி ஓர் அவதூறு பரவிக்கொண்டிருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிகிறது. வழக்கமாக உடம்பு முடியாமல் இருக்கும்போது நபியவர்களிடம் நான் காணும் அந்த லுத்ஃபை இந்த முறை காணவில்லை என்கிறார்கள். நபியவர்கள் வந்தார்கள், சலாம் சொன்னார்கள், எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நோயாளிக்குத்தான் தெரியும், தலையணையைச் சரிசெய்யும் கை, கேட்காமலே கிடைக்கும் தண்ணீர், குரலில் இருக்கும் அந்த இழைவு. அதுதான் லுத்ஃப். இருக்கும்போது அதற்குப் பெயர் வைக்கத் தோன்றாது. இல்லாதபோது உடனே தெரிந்துவிடும்.

தமிழில் இதற்கு ஈடான சொல் உண்டா என்று நான் நிறையத் தேடியிருக்கிறேன். மிக அருகில் வருவது 'நயம்'. கடையில் 'நயம் பருப்பு' என்றால் தேர்ந்தெடுத்த நல்ல சரக்கு. 'கவிதை நயம்' என்றால் நுண்ணிய அழகு. 'நயமாகப் பேசு' என்றால் முரட்டுத்தனம் இல்லாமல், எதிராளியின் மனம் அறிந்து பேசு என்று பொருள். நுண்மையும் கனிவும் ஒரே சொல்லில் குடியிருப்பது நமக்கும் புதிதல்ல. ஆனால் தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் 'முனாஃபிக்' என்ற சொல்லுக்கு 'நயவஞ்சகன்' என்பதே நிலைத்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, இறைவனின் பெயருக்குப் பக்கத்தில் நயத்தைக் கொண்டுவர மொழிபெயர்ப்பாளர்கள் தயங்கியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் அது வேண்டாம்தான். புதிதாகப் புரிந்துகொள்ள முயல்கிறவர் மனசுக்குள் ஒரு பாலமாக வைத்துக்கொள்ளலாம்.

குர்ஆனில் இந்தப் பெயர் ஏழு இடங்களில் வருகிறது. அவற்றில் ஐந்து இடங்களில் இது தனியாக வருவதில்லை. கூடவே 'அல்-கபீர்' வருகிறது. உள்ளும் புறமும் அறிந்தவன் என்று அதற்குப் பொருள். இந்த ஐந்து இடங்களிலும் நுட்பம் என்ற பக்கம்தான் மேலோங்கி நிற்கிறது. "பார்வைகள் அவனை எட்டா, அவனோ பார்வைகளை எட்டுகிறான்" (6:103) என்பது அதில் ஒன்று. இங்கே ஒரு தவறான எண்ணம் வர வாய்ப்பு உண்டு. நுட்பமானவன் என்றால் காற்று போல, ஆவி போல மெல்லிய ஏதோ ஒரு பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. மெல்லியது, தடித்தது என்ற அளவெல்லாம் படைப்புகளுக்கு உரியவை. இங்கே சொல்லப்படுவது, எந்தக் கண்ணுக்கும் பிடிபடாமல் எல்லாவற்றையும் அறிந்து செயல்படும் தன்மை.

குர்ஆன் பேசும் ஞானி லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையைக் கேட்டால் இது விளங்கும். என் அருமை மகனே, ஒரு செயல் கடுகின் எடை அளவே இருந்தாலும், அது ஒரு பாறைக்குள் இருந்தாலும், வானங்களிலோ பூமியிலோ எங்கே இருந்தாலும், அல்லாஹ் அதைக் கொண்டுவந்துவிடுவான். அல்லாஹ் லதீஃப், கபீர் (31:16). நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே கடுகுதான். தாளிக்கும்போது ஒன்று தெறித்து அடுப்புக்குப் பின்னால் விழுந்தால் அதைத் தேடுவோமா? இந்த வசனம் அந்த ஒரு கடுகைப் பாறைக்குள் வைத்துவிட்டு, அதையும் அறிகிறவன் என்கிறது. பாறையை உடைத்து எடுப்பான் என்று சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். கொண்டுவருவான் என்று மட்டும் இருக்கிறது.

இன்னொரு வசனம் மழையைக் காட்டுகிறது. வானிலிருந்து நீர் இறங்குகிறது, பூமி பச்சையாகிறது, அல்லாஹ் லதீஃப், கபீர் (22:63). மழை பெய்வது எல்லோருக்கும் தெரியும். பச்சையாவதும் தெரியும். இடையில் மண்ணுக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு துளி நீர் ஒரு விதையைத் தேடிப் போய், தோலை நனைத்து, முளையை எழுப்பும் வேலை சத்தமில்லாமல் நடந்து முடிகிறது.

இங்கே நுட்பத்துக்குப் பக்கத்தில் கனிவும் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? இந்த இணைப்பைத் தெளிவாகச் சொன்னவர் 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. அல்லாஹ்வின் பெயர்களை விளக்க அவர் எழுதிய 'அல்-மக்ஸத் அல்-அஸ்னா' என்ற நூலில் அவர் சொல்வதன் சாரம் இதுதான்: ஒருவருக்கு எது நன்மை என்பதை அதன் நுணுக்கங்களோடு அறிந்திருக்க வேண்டும்; பிறகு அதை அவரிடம் கடுமையின்றி மென்மையாகக் கொண்டுசேர்க்க வேண்டும். அறிவில் நுட்பமும் செயலில் மென்மையும் சேர்ந்தால்தான் லதீஃப் என்பதன் பொருள் முழுமையாகும். அந்த முழுமை இறைவனிடம் மட்டுமே உண்டு என்கிறார்.

அவர் தரும் எடுத்துக்காட்டுகள் எனக்கு மிகவும் பிடிக்கும். கருவறையின் இருட்டில் இருக்கும் குழந்தைக்குத் தொப்புள் வழியாக உணவு போகிறது. பிறந்ததும் யாரும் கற்றுக்கொடுக்காமலே, இருட்டிலும்கூட, அது பாலைச் சப்பிக் குடிக்கிறது. பால் போதுமாக இருக்கும் காலத்தில் பல் முளைப்பதில்லை. உணவை மெல்ல வேண்டிய காலம் வந்ததும் முளைக்கிறது. அதிலும் அரைக்க ஒரு வகை, உடைக்க ஒரு வகை, நறுக்க ஒரு வகை. நாக்கு பேசுவதற்கானது என்று நினைக்கிறோம். அது மாவு மில்லில் தானியத்தைத் தள்ளிவிடும் அகப்பை போல உணவைப் பல்லுக்கு அடியில் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்கிறார். அப்புறம் ஒரு கவளம் உணவுக்குப் பின்னால் இருப்பவர்களை எண்ணத் தொடங்குகிறார்: நிலத்தைத் திருத்தியவர், விதைத்தவர், நீர் பாய்ச்சியவர், அறுத்தவர், தூற்றியவர், அரைத்தவர், பிசைந்தவர், சுட்டவர். எழுதினால் முடியாது என்று விட்டுவிடுகிறார்.

பால்பல்லைப் பற்றிய அந்த ஒரு வரியிலேயே எல்லாம் இருக்கிறது. பல் கொடுப்பது அருள். பால் குடிக்கும் மாதங்களில் தாயைக் கடிக்காதபடி அதைத் தள்ளிவைப்பது லுத்ஃப்.

ரஹ்மான், ரஹீம், வதூத் போன்ற பெயர்களிலிருந்து லதீஃப் வேறுபடுவதும் இங்கேதான். அந்தப் பெயர்கள் கருணையையும் நேசத்தையும் சொல்கின்றன. லதீஃப் அந்தக் கருணை வந்துசேரும் விதத்தைச் சொல்கிறது. எந்த வாசல் வழியாக, எந்த நேரத்தில், எவ்வளவு மெதுவாக என்பது இந்தப் பெயருக்குள் இருக்கிறது.

மனிதர்களிடம் இதன் சாயலை நான் முதலில் பார்த்தது என் நன்னியிடம், அதாவது பாட்டியிடம். எங்கள் தெருக்கோடியில், தையல் மெஷினை வைத்துப் பிள்ளைகளை வளர்த்த ஓர் அம்மா இருந்தார். யாரிடமும் கை நீட்டாதவர். நன்னி மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது என்னை அவர் வீட்டுக்கு அனுப்புவார். "உங்க தேக்சாவை நன்னி இரவல் கேட்டாங்க" என்று சொல்லி அந்தச் சமையல் பாத்திரத்தை வாங்கி வர வேண்டும். எங்கள் வீட்டு அடுக்களையில் அதைவிடப் பெரிய தேக்சா இரண்டு கவிழ்ந்து கிடக்கும். எனக்கு அது புரியவே இல்லை. மறுநாள் தேக்சா திரும்பிப் போகும்போது அதில் அரிசியோ கறியோ இருக்கும். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது ஊர் வழக்கம். எனவே அதை மறுக்க முடியாது. கொடுத்தவர் நன்னி. ஆனால் கடன்பட்டவரும் நன்னிதான் என்று அந்தத் தெருவுக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு உண்மை தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவரும் அதைக் காட்டிக்கொண்டதில்லை.

அந்த வீட்டில் எந்த வாரம் அரிசி தீரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் ரோஷம் எவ்வளவு என்றும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தெரியாமல் போனாலும் உதவி தவறிப்போயிருக்கும், அல்லது காயப்படுத்தியிருக்கும். நுணுக்கமாக அறியாத அன்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தடுக்கி விழுகிறது. அதனால்தான் அந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன். "அல்லாஹ் தன் அடியார்களிடம் லதீஃபாக இருக்கிறான்; தான் நாடியவர்களுக்கு உணவளிக்கிறான்" (42:19) என்ற வசனத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் 'அன்பு' என்று எழுதியதும் பொருத்தம்தான்.

சரி, ஏழில் மிச்சமிருப்பது யூசுஃப் (அலை) அவர்களின் வாயால் வரும் லதீஃப். இந்தப் பெயரைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் இடத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், அவர் பெயரில் உள்ள 12-ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள்.

சிறுவயதில் அவர் ஒரு கனவு காண்கிறார். பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணிவதாக. பொறாமை கொண்ட சகோதரர்கள் அவரைக் கிணற்றில் தள்ளுகிறார்கள். வழிப்போக்கர்கள் எடுத்து அற்ப விலைக்கு விற்கிறார்கள். எகிப்தில் ஒரு பெரிய வீட்டில் வளர்கிறார். அங்கே வீண்பழி சுமந்து சிறைக்குப் போகிறார். சிறையில் இருவரின் கனவுகளுக்கு விளக்கம் சொல்கிறார். விடுதலையாகிப் போகிறவரிடம், உன் எஜமானரிடம் என்னைப் பற்றிச் சொல் என்கிறார். அவர் மறந்துவிடுகிறார். மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே கழிகின்றன.

அந்த மறதியில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் மறக்காமல் அன்றே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை விடுதலை கிடைத்திருக்கும். சிறையிலிருந்து வந்த ஓர் அடிமையாக யூசுஃப் எகிப்தின் தெருக்களில் கலந்து மறைந்திருப்பார். சொல்லாமல் போனதால், மன்னர் ஏழு கொழுத்த பசுக்களையும் ஏழு மெலிந்த பசுக்களையும் கனவில் கண்டு, விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல் திணறிய அந்த நாளில் அந்த மனிதருக்கு யூசுஃபின் நினைவு வருகிறது. அப்போது நாட்டுக்கு அவர் தேவை. பழி நீங்கினால்தான் வெளியே வருவேன் என்று சொல்லும் இடத்தில் அவர் இருக்கிறார். தானியக் களஞ்சியங்கள் அவர் பொறுப்பில் வருகின்றன. பஞ்சத்தில் தானியம் கேட்டு அந்தச் சகோதரர்களே வந்து நிற்கிறார்கள்.

கடைசியில் பெற்றோரும் சகோதரர்களும் ஒன்றுசேர்ந்து, பழைய கனவு கண்முன்னே பலித்தபோது அவர் சொல்கிறார்: என் இறைவன் எனக்கு நன்மை செய்தான், என்னைச் சிறையிலிருந்து வெளியேற்றினான், எனக்கும் என் சகோதரர்களுக்கும் இடையே ஷைத்தான் பிரிவை உண்டாக்கிய பின் உங்களைக் கிராமப்புறத்திலிருந்து கொண்டுவந்தான், என் இறைவன் தான் நாடியதில் லதீஃபாக இருக்கிறான் (12:100).

இதில் விடுபட்டிருப்பதைப் பாருங்கள். சிறையிலிருந்து வெளியேற்றியதைச் சொல்கிறார். கிணற்றிலிருந்து வெளியேற்றியதைச் சொல்லவில்லை. கிணற்றைச் சொன்னால் எதிரே நிற்கும் சகோதரர்கள் தலை குனிய நேரும். பிரிவின் பழியையும் ஷைத்தான் மேல் போட்டுவிட்டார். குர்ஆன் விரிவுரையாளர்கள் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். லதீஃப் என்ற பெயரைச் சொல்லும் அதே வாக்கியத்திலேயே அவர் லுத்ஃபோடு நடந்துகொள்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். துயரத்தில் இருப்பவரிடம் போய், "எல்லாம் அவனுடைய நுட்பமான ஏற்பாடு" என்று சொல்ல இந்தப் பெயரைக் கையில் எடுக்கக் கூடாது. யூசுஃப் (அலை) இதைச் சொன்னது கதையின் முடிவில், தாமே திரும்பிப் பார்த்து. நடுவில் அவருடைய தந்தை யஅகூப் (அலை) அழுது அழுது கண்கள் வெளுத்துப்போகின்றன. என் துக்கத்தை அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்கிறார். அந்த அழுகையைக் குர்ஆன் குறை சொல்லவில்லை.

துயரத்தில் இருப்பவர் தாமே இந்தப் பெயரால் அழைப்பது வேறு. முஸ்லிம் உலகெங்கும் கஷ்டகாலத்தில் 'யா லதீஃப்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. மொராக்கோவில் வறட்சி போன்ற பொதுத் துன்பங்களின்போது பள்ளிவாசலில் கூட்டமாக ஓதுவார்கள். 1930 மே மாதம் பிரெஞ்சு ஆட்சி, பெர்பர் மக்களை மற்ற முஸ்லிம்களிடமிருந்து பிரித்துத் தனிச் சட்டத்தின் கீழ் வைக்கும் ஆணை ஒன்றைக் கொண்டுவந்தபோது, ஸலே நகரின் பெரிய பள்ளிவாசலில் இந்த ஓதல் எதிர்ப்பாக எழுந்தது. விதி கொண்டுவந்ததில் உன் லுத்ஃபைக் கேட்கிறோம், எங்களையும் பெர்பர் சகோதரர்களையும் பிரித்துவிடாதே என்று இறைஞ்சினார்கள். ஃபெஸ், ரபாத் என்று மற்ற நகரங்களுக்கும் அது பரவியது. சிலர் இந்தப் பெயரை 129 முறை ஓதுவார்கள். அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்துக் கூட்டினால் லதீஃபுக்கு 129 வரும் என்பதே காரணம். அந்த எண்ணிக்கை குர்ஆனிலோ நபிமொழியிலோ சொல்லப்பட்டதல்ல. எண்ணாமலும் அழைக்கலாம்.

பெயர்களை 'உள்வாங்கிக்கொண்டவர்' என்று அந்த நபிமொழியில் வருவதற்கு எண்ணுதல், மனப்பாடம் செய்தல், பொருள் உணர்தல், அதன்படி நடத்தல் என்று அறிஞர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். லதீஃப் என்ற பெயரைப் பொறுத்தவரை கடைசியில் சொன்னதற்கு நபியவர்களின் வீட்டில் ஓர் இரவு நடந்ததை நினைத்துக்கொள்வேன். முஸ்லிம் தொகுப்பில் ஆயிஷா (ரலி) அவர்களே அதை விவரிக்கிறார்கள்.

மனைவி தூங்கிவிட்டார் என்று தோன்றும்வரை நபியவர்கள் படுத்திருக்கிறார்கள். பிறகு மேலாடையை மெதுவாக எடுக்கிறார்கள். செருப்பை மெதுவாக அணிகிறார்கள். கதவைத் திறந்து வெளியே போய், மெதுவாகச் சாத்துகிறார்கள். ஆயிஷாவோ தூங்கவில்லை. பின்தொடர்ந்து போகிறார்கள். நபியவர்கள் மதீனாவின் அடக்கத்தலமான பகீஉ மையவாடிக்குப் போய் நெடுநேரம் நின்று, மூன்று முறை கைகளை உயர்த்திப் பிரார்த்திக்கிறார்கள். அவர்கள் திரும்பியதும் ஆயிஷா ஓட்டமாக ஓடி, முந்திக்கொண்டு வந்து படுத்துவிடுகிறார்கள். மூச்சு வாங்குகிறது. "ஆயிஷா, ஏன் இப்படி மூச்சிரைக்கிறது?" "ஒன்றும் இல்லை." "நீயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் அல்-லதீஃப், அல்-கபீர் எனக்குச் சொல்லிவிடுவான்."

ஆயிஷா நடந்ததைச் சொல்கிறார்கள். மையவாடியில் அடங்கியிருப்போருக்காகப் பிழைபொறுக்கத் தேடும்படி வானவர் ஜிப்ரீல் (அலை) வந்து அழைத்ததை நபியவர்கள் சொல்கிறார்கள். பிறகு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனதற்கான காரணத்தையும் சொல்கிறார்கள்: நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன், உன்னை எழுப்ப மனம் வரவில்லை, எழுந்தால் தனிமையில் பயந்துவிடுவாயோ என்று அஞ்சினேன்.